அச்சுக்குப் போன பிடிஎஃப்-ஐ மின்நூலாக்க லினக்ஸில் ஐந்து வழிகள்: எதை எப்போது எடுப்பது?

"டிடிபி கடையில் கொடுத்த பிடிஎஃப் மட்டும்தான் கையில் இருக்கிறது. கிண்டிலில் போட்டால் எறும்பு அளவில் எழுத்து. காலிபர் மென்பொருளில் மாற்றினால் பாதி வரி உடைகிறது. எதைப் பயன்படுத்துவது?" லினக்ஸ் பயன்படுத்தும் நண்பர்கள் மாதம் ஒரு முறையாவது இதைக் கேட்கிறார்கள். பெரும்பாலும் கேட்பவர் ஏற்கெனவே இரண்டு மென்பொருளை முயன்று சலித்துப் போயிருப்பார்.

போன ஆண்டு நானே இதில் மாட்டினேன். என் மாமா தன் ரயில்வே வேலை நாட்களைப் பற்றி எழுதி, சொந்தச் செலவில் 300 படி அச்சிட்ட 184 பக்கப் புத்தகம். மூலக் கோப்பு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அச்சகத்துக்குப் போன பிடிஎஃப் ஒன்றுதான் மிச்சம். கண் மங்கிவிட்டதால் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க அவருக்கு ஒரு இபப், அதாவது மின்நூல் கோப்பு, வேண்டும். ஒரு மாலையில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். மூன்று வாரம் ஆனது. அதில் பத்து நாளுக்கு மேல், தவறான வழியைத் தேர்ந்தெடுத்ததால் வீணானது.

எந்தக் கருவி சிறந்தது என்பதை விட, உங்கள் பிடிஎஃப்-க்குள் என்ன இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. பிடிஎஃப்-க்குப் பத்தி தெரியாது, அத்தியாயம் தெரியாது. பக்கத்தில் இந்த இடத்தில் இந்த வடிவத்தை வரை என்று மட்டும்தான் அதற்குத் தெரியும். இபப் நேர் எதிர். அது ஒரு ஜிப் பெட்டிக்குள் இருக்கும் வலைப்பக்கங்களின் தொகுப்பு, பத்தியும் தலைப்பும்தான் அதன் உயிர். தொலைந்த அந்தத் தகவலை யார் திரும்பச் சேர்ப்பது, கருவியா நீங்களா, என்பதில்தான் இந்த ஐந்து வழிகளும் வேறுபடுகின்றன.

## முதலில் ஐந்து நிமிடச் சோதனை

பிடிஎஃப்-ஐத் திறந்து 'பொருள்', 'கொடுத்தேன்', 'பெரிய' போன்ற சொற்கள் வரும் ஒரு பத்தியை நகலெடுத்து ஒரு டெக்ஸ்ட் எடிட்டரில் ஒட்டுங்கள். நான்கில் ஒன்று நடக்கும்.

சரியாக வந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர். 'பொருள்' என்பது 'ெபாருள்' என்று, கொம்பு முன்னால் தாவி வந்தால், எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கப்பட்டிருக்கின்றன என்று பொருள். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து ஏதோ குப்பை வந்தால் அது பொதுக் குறியாக்கமான யூனிகோடுக்கு முந்தைய, பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துரு. எதுவுமே நகலாகவில்லை என்றால் அது ஸ்கேன் செய்த படம்.

அப்புறம் முனையத்தில் பிடிஎஃப்ஃபான்ட்ஸ் கட்டளையைக் கோப்பின் பெயரோடு ஓட்டுங்கள். பாப்ளர்-யூட்டில்ஸ் தொகுப்பில் இருக்கிறது, பெரும்பாலான லினக்ஸ்களில் முன்பே நிறுவப்பட்டிருக்கும். எழுத்துருப் பெயர்களைப் பாருங்கள். பட்டியல் காலியாக இருந்தால் ஸ்கேன்தான். 'யூனி' என்ற நெடுவரிசையில் 'இல்லை' என்று இருந்தால், எழுத்து வடிவத்திலிருந்து யூனிகோடுக்குப் போகும் அட்டவணை கோப்பில் இல்லை. 'ஆம்' என்று இருந்தாலும் உடனே நம்பிவிட வேண்டாம். தவறான அட்டவணைக்கும் 'ஆம்'தான் காட்டும்.

## எதை வைத்து அளப்பது

நான் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன். வெளியே வரும் தமிழ் சரியான யூனிகோடா? எழுத்தைப் பெரிதாக்கினால் வரி மடங்கி ஓடுகிறதா? தலைப்பு, அடிக்குறிப்பு, அட்டவணை பிழைக்கின்றனவா? என் நேரம் எவ்வளவு போகும்? முடிவில் வருவதை மற்றவருக்குக் கொடுக்க முடியுமா, அல்லது என் சாதனத்தோடு நின்றுவிடுமா?

நான்காவதில்தான் எல்லோரும் கணக்கைத் தவறாகப் போடுகிறார்கள். மாற்றும் நேரம் சில நொடி. மெய்ப்புப் பார்க்கும் நேரம் சில வாரம்.

| வழி | தமிழ் எழுத்து | வரி மடங்குமா | அட்டவணை, படம் | உங்கள் உழைப்பு |
|---|---|---|---|---|
| மூலக் கோப்பிலிருந்து | அப்படியே | ஆம் | பெரும்பாலும் பிழைக்கும் | ஒரு மணி நேரம் முதல் அரை நாள் |
| காலிபர் நேரடி மாற்றம் | பிடிஎஃப் எப்படியோ அப்படி | ஆம், பத்தி உடையலாம் | அட்டவணை போய்விடும் | சில நிமிடம், பிறகு திருத்தம் |
| எழுத்தைப் பிரித்துக் கையால் கட்டுவது | சரிசெய்ய வழி உண்டு | ஆம் | கையால் சேர்க்க வேண்டும் | சில நாள் |
| ஓசிஆர் (பக்கப் படத்திலிருந்து எழுத்தை உணர்வது) | நன்று, பிழைகளோடு | ஆம் | போய்விடும் | மெய்ப்பு முழுவதும் உங்களுடையது |
| பக்கத்தை வெட்டி அடுக்குவது | பிழையே இல்லை, எல்லாம் படம் | ஓரளவு | அப்படியே | சில நிமிடம் |

## வழி 1: மூலக் கோப்புக்குத் திரும்புவது

இதை மாற்று வழி என்று சொல்வதே தப்பு. முடிந்தால் இதுதான் ஒரே வழி. லிப்ரேஆபிஸின் ஓடிடி, வேர்டின் டாக்ஸ், எதுவாக இருந்தாலும் சரி, அதைத் தேடிக் கண்டுபிடிக்கச் செலவாகும் இரண்டு நாள், பின்னால் இருபது நாளைக் காப்பாற்றும்.

லிப்ரேஆபிஸ் 2018-ல் வந்த 6.0 பதிப்பிலிருந்து நேரடியாக இபப் ஏற்றுமதி செய்கிறது. பாண்டாக் என்ற கட்டளைவழி ஆவண மாற்றி இன்னும் சுத்தமான கோப்பைத் தரும், உள்ளடக்கம், அட்டைப்படம் எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் சேர்க்கலாம். ஆனால் பாண்டாக் பிடிஎஃப்-ஐ எழுதும், படிக்காது. இது தெரியாமல் பிடிஎஃப்-ஐக் கொடுத்துவிட்டுப் பிழைச்செய்தியோடு மல்லுக்கட்டுபவர்கள் நிறைய.

இங்கே மறைந்திருக்கும் செலவு தலைப்புகள். தட்டச்சு செய்தவர் அத்தியாயத் தலைப்பைப் பெரிதாக்கித் தடித்த எழுத்தில் போட்டிருப்பார், தலைப்பு என்ற பாணியைக் கொடுத்திருக்க மாட்டார். அப்படியானால் இரண்டு கருவிக்கும் அது சாதாரணப் பத்திதான். 30 அத்தியாயம் இருந்தால் 30 இடத்தில் பாணியை மாற்றிவிட்டுத்தான் ஏற்றுமதி செய்ய வேண்டும்.

இரண்டு சின்னத் தேடல்களை விட்டுவிடாதீர்கள். லிப்ரேஆபிஸில் பிடிஎஃப் உருவாக்கும்போது 'ஹைபிரிட்' என்ற தேர்வு உண்டு. அதைப் போட்டிருந்தால் மூல ஆவணமே பிடிஎஃப்-க்குள் ஒளிந்திருக்கும். லிப்ரேஆபிஸில் திறந்ததும் பக்கம் பக்கமான படமாக அதன் டிரா என்ற வரைபடப் பகுதியில் வராமல், திருத்தக்கூடிய ஆவணமாக ரைட்டர் பகுதியில் வந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். இரண்டாவது, பக்க வடிவமைப்புக்குப் பயன்பட்ட பழைய மென்பொருளான பேஜ்மேக்கரின் கோப்பு கிடைத்தால் லினக்ஸில் பயனில்லை என்று தூக்கிப் போடாதீர்கள். லிப்ரேஆபிஸ் 4.4 முதல் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கும். உள்ளே பழைய எழுத்துருக் குறியாக்கம்தான் இருக்கும், ஆனாலும் பிடிஎஃப்-ஐ விடப் பத்திகள் ஒழுங்காக இருக்கும்.

நீங்களே ஒரு வலைப்பக்கத்தை 'பிடிஎஃப் ஆக அச்சிடு' என்று சேமித்து வைத்ததுதான் மூலம் என்றால், அந்தப் பக்கத்துக்கே திரும்பிப் போய் எச்டிஎம்எல் ஆகச் சேமியுங்கள். ஆம்லெட்டிலிருந்து முட்டையை எடுக்க வேண்டாம்.

## வழி 2: காலிபரிடம் அப்படியே கொடுப்பது

எல்லோரும் முதலில் செய்வது இதுதான். நானும் இதைத்தான் செய்தேன். காலிபரின் சொந்தக் கையேடே, மாற்றுவதற்கு உகந்த வடிவங்களை வரிசைப்படுத்தும்போது பிடிஎஃப்-ஐக் கடைசி இடத்தில் வைத்திருக்கிறது. அட்டவணைகளையும் வெக்டர் படங்களையும் பிரித்தெடுக்க முடியாது என்றும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது.

ஆனாலும் நகலெடுத்த சோதனையில் எழுத்து சரியாக வந்து, புத்தகம் கதையோ கட்டுரையோ என்றால், இது போதும். இரண்டு இடத்தில் மட்டும் கை வைக்க வேண்டும்.

ஒன்று, வரி மடிப்பு. அச்சுப் பக்கத்தில் ஒவ்வொரு வரியும் தனி வரி. அவற்றை ஒட்டிப் பத்தியாக்க 'அன்ராப் ஃபேக்டர்' என்ற எண் இருக்கிறது, இயல்பாக 0.45. வரிகள் ஒட்டாமல் துண்டு துண்டாக வந்தால் எண்ணைக் குறையுங்கள். கவிதையோ உரையாடலோ தனித்தனியாக நிற்காமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் கூட்டுங்கள். தமிழில் வரியின் நீளம் ஏறி இறங்குவதால் எனக்கு ஒரே முறையில் சரியாக அமைந்ததே இல்லை.

இரண்டு, பக்கத் தலைப்பும் பக்க எண்ணும். ஒவ்வொரு பக்க உச்சியிலும் புத்தகப் பெயர் அச்சாகியிருக்கும். இபப்-ல் அது வாக்கியத்தின் நடுவில் வந்து உட்காரும். "அன்று இரவு ஸ்டேஷன் மாஸ்டர்" என்று வாக்கியம் தொடங்கும், அடுத்து புத்தகப் பெயர், அடுத்து 47, அதற்கப்புறம் "விளக்கோடு ஓடி வந்தார்". காலிபரின் தேடி மாற்றும் வசதியில் ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன் (ஒரே மாதிரி வரும் எழுத்துகளைத் தேடும் வாய்பாடு) எழுதி நீக்கலாம். எழுதத் தெரியாது என்றால் அடுத்த வழியில் சொல்லும் வெட்டும் முறை இதை விட எளிது.

கொம்பு தாவிய பிடிஎஃப்-ஐயும் பழைய எழுத்துரு பிடிஎஃப்-ஐயும் காலிபருக்குக் கொடுக்கவே வேண்டாம். உள்ளே போன குப்பை அப்படியே அழகான இபப்-ஆக வெளியே வரும்.

## வழி 3: எழுத்தைப் பிரித்து, திருத்தி, கையால் கட்டுவது

இந்த வழியில் கட்டுப்பாடு முழுக்க உங்கள் கையில். கொஞ்சம் ஸ்கிரிப்ட் எழுதத் தெரிந்தவர்களுக்கு இது பிடிக்கும். பிடிக்கிறது என்பதற்காகவே இதைத் தேர்ந்தெடுத்துவிடும் ஆபத்தும் உண்டு. நான் பத்து நாள் இழந்தது இங்கேதான்.

பிடிஎஃப்டுடெக்ஸ்ட் கட்டளைக்குப் பக்கத்தின் எந்தச் செவ்வகத்திலிருந்து மட்டும் எழுத்தை எடுக்க வேண்டும் என்று சொல்லலாம். ஏ4 பக்கம் என்பது 595-க்கு 842 புள்ளி. மேலே 60 புள்ளி தள்ளித் தொடங்கி 720 புள்ளி உயரம் எடு என்றால் பக்கத் தலைப்பும் அடியில் இருக்கும் எண்ணும் தானாகவே வெளியே நின்றுவிடும். புத்தகத்தின் பக்க அளவு வேறு என்றால், பிடிஎஃப்இன்ஃபோ சொல்லும் அளவைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள்.

கொம்பு தாவியிருந்தால் சரிசெய்வது கடினமில்லை. ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு எங்கே வந்தாலும் அடுத்த மெய்யெழுத்துக்குப் பின்னால் நகர்த்த வேண்டும், பிறகு கொம்பும் காலும் சேர்ந்திருந்தால் ஒகர ஓகாரமாக ஒட்ட வேண்டும். பைத்தானில் நான்கைந்து வரி. ஆனால் ஸ்கிரிப்டை ஓட்டுமுன் ஒன்றைப் பாருங்கள். சொல்லின் தொடக்கத்திலேயே கொம்பு நிற்கும் சொற்கள் கோப்பில் இருக்கின்றனவா? ஒழுங்கான யூனிகோடில் அப்படி இருக்கவே முடியாது. இல்லையென்றால் கோப்பு ஏற்கெனவே சரி, ஸ்கிரிப்ட் அதைக் கெடுத்துவிடும். 'பெண்' என்பதில் இருக்கும் கொம்பைத் தூக்கி 'ண்' மேல் வைத்துவிடும். 'க்ஷ' வரும் இடங்களுக்குத் தனி விதி வேண்டும். ஔகாரத்தை எந்த ஸ்கிரிப்டாலும் முழுதாகக் காப்பாற்ற முடியாது. 'கௌரி' வெளியே 'கெளரி' ஆகத்தான் வரும், ஏனென்றால் அதன் பின்பாதியும் 'ள'வும் கண்ணுக்கு ஒன்றுதான். தேடித் தேடித் திருத்துங்கள்.

பழைய எழுத்துரு என்றால் ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகத்தில் பல குறியாக்கங்களை யூனிகோடாக்கும் பகுதி இருக்கிறது. மாமாவின் கோப்பு இந்த வகைதான். ஓட்டிப் பார்த்தேன், தமிழ் அழகாக வந்தது. ஆனால் அவர் ஆங்கிலத்திலேயே எழுதியிருந்த துறைப் பெயர்கள், ரயில் எண்களுக்கு முன்னால் வரும் எழுத்துகள், எல்லாம் பொருளற்ற தமிழாக மாறிவிட்டன. பழைய குறியாக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் ஒரே எண்களைப் பகிர்ந்துகொள்வதால் வரும் வினை. எது தமிழ், எது ஆங்கிலம் என்பதை எழுத்துருவின் பெயர்தான் சொல்லும், டெக்ஸ்ட் கோப்பில் அது இல்லை. பிடிஎஃப்டுஎச்டிஎம்எல் கட்டளையை எக்ஸ்எம்எல் வடிவில் ஓட்டினால் ஒவ்வொரு துண்டும் எந்த எழுத்துரு என்று கிடைக்கும். அதை வைத்துத் தமிழ்த் துண்டுகளை மட்டும் மாற்றலாம். நன்றாகவே வேலை செய்யும், ஆனால் அது ஒரு சின்ன மென்பொருள் திட்டம். ஒரே எழுத்துருவில் தட்டச்சான 20 புத்தகம் இருக்கிறது என்றால் செய்யுங்கள். ஒரே ஒரு புத்தகத்துக்கு நியாயமில்லை.

திருத்திய எழுத்தை மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டு வடிவம் ஆக்கி, தலைப்புகளுக்குக் குறியிட்டு, பாண்டாக்கிடம் கொடுத்தால் இபப் தயார். கடைசி மெருகுக்கு சிகில் என்ற இபப் திருத்தி.

## வழி 4: ஓசிஆர்

ஸ்கேன் செய்த புத்தகத்துக்கு வேறு வழி கிடையாது. ஸ்கேன் அல்லாத பிடிஎஃப்-க்கும் பல நேரம் இதுதான் குறுக்குவழி என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. கணினியில் உருவான பக்கத்தை 300 டிபிஐ-ல் படமாக்கினால் கறையில்லை, கோணல் இல்லை, பின்பக்க எழுத்து தெரிவதில்லை. எழுத்துணரிக்கு அதை விட நல்ல பக்கம் கிடைக்காது. பழைய குறியாக்கம் என்ன, கொம்பு எங்கே தாவியது என்ற கவலையெல்லாம் ஒரே அடியில் போய்விடும், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரிவதைப் படிக்கிறது.

உபுண்டுவிலும் டெபியனிலும் டெஸராக்ட் என்ற எழுத்துணரியோடு அதன் தமிழ்த் தரவுத் தொகுப்பையும் தனியாக நிறுவ வேண்டும். அதன் மேல் ஓசிஆர்மைபிடிஎஃப், பிடிஎஃப் முழுவதையும் டெஸராக்டுக்குக் கொடுத்து வாங்கும் கருவி. மொழியாகத் தமிழையும் ஆங்கிலத்தையும் சேர்த்துக் கொடுங்கள். கோப்பில் ஏற்கெனவே குப்பை எழுத்து அடுக்கு இருந்தால் அதை ஒதுக்கிவிட்டுக் கட்டாயமாக ஓசிஆர் செய் என்ற தேர்வைப் போடுங்கள், இல்லையென்றால் 'எழுத்து ஏற்கெனவே இருக்கிறது' என்று சொல்லி நின்றுவிடும். சைட்கார் தேர்வு தனி டெக்ஸ்ட் கோப்பைக் கொடுக்கும், நமக்குத் தேவை அதுதான். டிஸ்ட்ரோவில் வருவது பொதுவாக வேகமான தரவு. துல்லியம் வேண்டுமென்றால் டெஸராக்டின் 'பெஸ்ட்' தரவைத் தனியாக இறக்கிப் போடுங்கள். மெதுவாக ஓடும், பரவாயில்லை.

பிழைகள் ஒரு மாதிரியாகவே வரும். 'ர'வும் காலும் மாறும். 'எ'வும் 'ஏ'வும் மாறும். புள்ளிகள் தொலையும். 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முந்தைய புத்தகம் என்றால் பழைய வடிவ 'ணை', 'லை', 'றா', 'னா' எல்லாம் தடுமாறும். அத்தகைய புத்தகங்களுக்கு கூகுளின் எழுத்துணரியை முயன்று பாருங்கள். தமிழ் விக்கிமூலத்தில் ஏராளமான நூல்கள் அப்படித்தான் எழுத்தாக்கப்பட்டன. அச்சாகாத கையெழுத்துப் படியை வெளிச் சேவையில் ஏற்றலாமா என்பதை மட்டும் ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள்.

செலவு முழுக்க மெய்ப்பில். நான் ஒரு மாலைக்கு 20 பக்கம் பார்த்தேன். 184 பக்கத்துக்குச் சுமார் ஒன்பது மாலை. இடப்பக்கம் பிடிஎஃப், வலப்பக்கம் டெக்ஸ்ட், ஒரு தேநீர். இதை உதவிக்கு ஆளில்லாமல் செய்ய முடியாது என்றால் 500 பக்கப் புத்தகத்தைத் தொடாதீர்கள்.

## வழி 5: மாற்றாமலே படிப்பது

உங்களுக்கு நிஜமாகவே இபப் வேண்டுமா, அல்லது 6 அங்குலத் திரையில் படித்தால் போதுமா? படித்தால் போதும் என்றால் கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற கருவி இருக்கிறது. பக்கத்தைப் படமாகப் பார்த்து, சொல் சொல்லாக வெட்டி, சிறு திரைக்கு ஏற்றபடி மறுபடி அடுக்கிப் புதிய பிடிஎஃப் தரும். எந்த எழுத்துரு என்ற கேள்வியே இல்லை. பக்கத்துக்கு இரண்டு நெடுவரிசையாக வரும் ஆய்வுக் கட்டுரைக்கும் கணிதச் சமன்பாட்டுக்கும் இதை அடிக்க ஆளில்லை. கேஓரீடர் என்ற மின்நூல் படிப்புச் செயலியில் இதே நுட்பம் உள்ளேயே இருப்பதால், அது ஓடும் சாதனம் என்றால் முன்கூட்டி மாற்றவும் வேண்டாம்.

விலை இதுதான்: கோப்பு பருக்கும், பெரும்பாலும் சொல்லைத் தேட முடியாது, அகராதி திறக்காது, எழுத்தளவை மாற்ற மறுபடி ஓட்ட வேண்டும். நண்பருக்குக் கொடுத்தால் அவர் திரைக்குப் பொருந்தாது. நான் ஆய்வுக் கட்டுரைகளுக்கு வேறெதையும் பயன்படுத்துவதில்லை, புத்தகத்துக்கு இதைப் பயன்படுத்துவதும் இல்லை.

## இபப் ஆன பிறகு

கிண்டிலின் பழைய வடிவமான மோபி வேண்டுமா என்று இன்னும் கேட்கிறார்கள். வேண்டாம். 2022 முதல் சென்ட்-டு-கிண்டில் சேவை இபப்-ஐயே ஏற்கிறது. கம்பி வழியாக ஏற்றுவதென்றால் மட்டும் காலிபரில் கிண்டிலின் ஏஇசட்டபிள்யூ3 வடிவம் ஆக்கிக்கொள்ளுங்கள். இபப்-லிருந்து அதற்குப் போவதில் எந்தச் சேதமும் எனக்கு வந்ததில்லை.

எழுத்துருவை உள்ளே பொதிக்க நினைத்தால் நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற திறந்த உரிம எழுத்துருவைப் போடுங்கள். அச்சுப் பிடிஎஃப்-ல் இருந்த வணிக எழுத்துருவை உருவி எடுத்துப் பகிரும் கோப்பில் வைப்பது உரிமச் சிக்கல்.

மாமாவுக்குக் கடைசியில் ஓசிஆர் வழியில் செய்த இபப்-தான் போனது. எழுத்தை இருப்பதிலேயே பெரிதாக வைத்துக்கொண்டு படித்தார். முதல் நாளே போன் செய்து, ஓர் இடத்தில் 'ர' காலாக மாறியிருக்கிறது என்றார். எந்தப் பக்கம் மாமா என்று கேட்டேன். "அதைத்தான் நானும் தேடுறேன், பக்க எண்ணையே காணோமேடா" என்றார்.